வானொலி அலைகள் எண்களாகும்போது: எஸ்டிஆர் கேள்வி-பதில்

மென்பொருள் வானொலி, அதாவது எஸ்டிஆர் பற்றி வந்து சேர்ந்திருந்த கேள்விகளை இந்த முறை மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன். படித்துப் பார்த்தால், பாதிக்கு மேற்பட்டவை வேறு வேறு வார்த்தைகளில் ஒரே சிக்கலைத்தான் கேட்கின்றன. சிக்னல் எண்ணாக மாறுவதற்கு முன்பே கெட்டுப்போவதுதான் அது.

பழைய வால்வு ரேடியோவும் ரேடியோதான், கம்ப்யூட்டரில் செருகும் இந்தக் குச்சியும் ரேடியோதான் என்கிறார்கள். உண்மையில் என்ன வித்தியாசம்?

பழைய ரேடியோவில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பொருள் இருந்தது. நிலையத்தைப் பிரித்தெடுக்கக் காயிலும் கன்டென்சரும், ஒலியைப் பிரிக்க டயோடு. மத்திய அலை கேட்கும் பெட்டியில் பண்பலையும் கேட்க வேண்டுமானால் அதற்குத் தனிச் சுற்று வேண்டும். எஸ்டிஆரில், ஆன்டெனா பிடித்த அலைகளில் ஒரு துண்டை டியூனர் வெட்டி எடுத்துக் கீழே இறக்குகிறது. அதை ஒரு சிப் நொடிக்கு லட்சக்கணக்கான எண்களாக மாற்றுகிறது. அவ்வளவுதான், அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் கணக்கு. ஃபில்டர் ஒரு கணக்கு, ஒலியைப் பிரிப்பது இன்னொரு கணக்கு. அதனால்தான் அதே குச்சி இப்போது பாட்டுக் கேட்கவும், அடுத்த நிமிடம் விமானங்களின் இடத்தைக் காட்டவும் உதவுகிறது.

'சாஃப்ட்வேர் ரேடியோ' என்ற கருத்தை 1990-களின் தொடக்கத்தில் ஜோசப் மிட்டோலா பரப்பினார். 2001-இல் குனு ரேடியோ என்ற இலவச மென்பொருள் வந்தது. ஆனாலும் கருவி சாதாரண மனிதரின் கைக்கு எட்டவில்லை. அதை மாற்றியது 2012. கம்ப்யூட்டரில் டிவி பார்ப்பதற்காக விற்ற யுஎஸ்பி டாங்கிள் என்ற குச்சிகளில் ரியல்டெக் நிறுவனத்தின் ஆர்டிஎல்2832யு என்ற சிப் இருந்தது. டிவியைத் தானே பிரித்துக் கொடுக்கும் அந்தச் சிப், பண்பலை கேட்கும்போது மட்டும் பிரிக்காத எண்களை அப்படியே கம்ப்யூட்டருக்குத் தள்ளிவிடும். ஃபின்லாந்தைச் சேர்ந்த லினக்ஸ் நிரலாளர் ஆன்ட்டி பலோசாரி இதைக் கவனித்தார், திறந்த மூல மென்பொருள் எழுதும் ஓஸ்மோகாம் குழுவினர் அதற்கு டிரைவர் எழுதினார்கள். டிவிக்காகப் பிறந்த சிப் உலகம் முழுக்க லட்சக்கணக்கானோருக்கு முதல் எஸ்டிஆர் ஆனது. இந்தக் கதையை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

முதலில் எதை வாங்குவது? ஹேக்ஆர்எஃப் வாங்கினால் எல்லாம் முடிந்துவிடும் என்கிறார் நண்பர்.

முதலில் ஆர்டிஎல்-எஸ்டிஆர், அதாவது மேலே சொன்ன சிப் உள்ள டாங்கிள் போதும். ஆர்820டி2 டியூனர் உள்ள டாங்கிள் ஏறக்குறைய 24 முதல் 1,766 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும், ஒரே நேரத்தில் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைத் திரையில் காட்டும். வெப்பத்துக்கு அசையாத டிசிஎக்ஸ்ஓ கிரிஸ்டலும் உலோகக் கூடும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பிரபலமான பெயர்களுக்குப் போலிகள் நிறைய வருகின்றன, கவனம்.

ஹேக்ஆர்எஃப் ஒன் என்ற எஸ்டிஆர் கருவி 1 மெகாஹெர்ட்ஸிலிருந்து 6 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் காட்டும், அலைபரப்பவும் செய்யும். ஆனால் அதுவும் 8 பிட்தான். கேட்பதற்கு மட்டும் என்றால் அதன் காது உங்கள் சின்ன டாங்கிளைவிடக் கூர்மையானதல்ல. பிட் என்பது இங்கே முக்கியம்: ஒவ்வொரு பிட்டும் வலுவான சிக்னலுக்கும் மெலிந்த சிக்னலுக்கும் இடையே ஏறக்குறைய 6 டெசிபல் இடம் தருகிறது. 8 பிட்டில் 256 படிகள்தான், 12 பிட்டில் 4,096. பக்கத்தில் ஒருவர் கத்தும்போது தூரத்தில் ஒருவர் முணுமுணுப்பதும் கேட்க வேண்டுமானால் படிகள் அதிகம் வேண்டும். 12 பிட் ஏர்ஸ்பை, 14 பிட் எஸ்டிஆர்பிளே என்ற கருவிகள் அங்கேதான் உதவுகின்றன.

ஆனாலும் சொல்கிறேன்: பெட்டிக்குக் கூடுதலாகச் செலவழிக்க நினைக்கும் பணத்தை முதலில் ஆன்டெனாவுக்கும் கேபிளுக்கும் ஃபில்டருக்கும் போடுங்கள். எண்ணாக மாறிய பிறகு எத்தனையோ திருத்தலாம். மாறுவதற்கு முன்னால் கெட்டது, கெட்டதுதான்.

செருகினேன், மென்பொருள் கருவியையே கண்டுகொள்ளவில்லை.

விண்டோஸ் அதை டிவி கருவி என்று நினைத்துத் தவறான டிரைவரைப் போட்டிருக்கும். ஜாடிக் என்ற சின்ன நிரலைத் திறந்து, 'பல்க்-இன், இன்டர்ஃபேஸ் 0' என்று தெரிவதைத் தேர்ந்து வின்யுஎஸ்பி டிரைவரை நிறுவுங்கள். வேறு யுஎஸ்பி துளைக்கு மாற்றினால் இதையே இன்னொரு முறை செய்ய வேண்டியிருக்கலாம். லினக்ஸில் dvb_usb_rtl28xxu என்ற டிவி டிரைவரைத் தடைப்பட்டியலில் சேர்க்க வேண்டும். ஆர்டிஎல்-எஸ்டிஆர் பிளாகின் வி4 டாங்கிள் என்றால் பழைய டிரைவர் நூலகம் உதவாது, புதியதைப் போடுங்கள்.

பண்பலை நிலையங்கள் எல்லா இடத்திலும் கேட்கின்றன. விமானப் பட்டையில்கூடப் பாட்டு! கெயினை (சிக்னலைப் பெரிதாக்கும் அளவை) ஏற்ற ஏற்ற மோசமாகிறது. டாங்கிள் பழுதா?

பழுதில்லை. அதன் வாயில் அளவுக்கு மேல் ஊட்டுகிறீர்கள்.

பண்பலைக் கோபுரங்கள் கிலோவாட் கணக்கில் அலைபரப்புகின்றன. நீங்கள் தேடும் சிக்னல் அதில் கோடியில் ஒரு பங்காகக்கூட இருக்காது. டாங்கிளின் முன்புற ஆம்ப்ளிஃபையரால் நீங்கள் கேட்க நினைக்கும் துண்டை மட்டும் தனியாகப் பெரிதாக்க முடியாது, வாசலில் வந்து நிற்கும் எல்லாமே சேர்ந்துதான் பெரிதாகும். அது திணறும்போது வலுவான நிலையங்கள் ஒன்றோடொன்று கலந்து, வானத்தில் இல்லவே இல்லாத இடங்களில் போலி நிலையங்களாக முளைக்கின்றன. திரையில் பார்த்தால் உண்மை போலவே இருக்கும். அதை எந்த மென்பொருளாலும் நீக்க முடியாது.

நான் கெயின் வைக்கும் முறை இது. கெயினைத் தானே மாற்றும் ஏஜிசியை நிறுத்துங்கள். கெயினைச் சுழியத்தில் வைத்து, பலவீனமான ஏதாவது ஒரு சிக்னலைத் திரையில் பிடியுங்கள். ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். முதலில் இரைச்சல் மட்டம் அசையாமல் சிக்னல் மட்டும் உயரும். ஒரு கட்டத்துக்குப் பிறகு இரண்டும் சேர்ந்து உயரத் தொடங்கும், அங்கே நிறுத்துங்கள். அதற்கு மேல் ஏற்றினால் திரை பிரகாசமாகும், காதுக்கு ஒன்றும் கூடாது. போலிச் சிக்னலா என்ற சந்தேகம் வந்தால் கெயினை ஒரு படி இறக்கிப் பாருங்கள். உண்மைச் சிக்னல் அந்தப் படியின் அளவுக்குக் குறையும், போலி அதைவிட வேகமாகச் சரியும்.

கோபுரம் மிக அருகில் இருந்தால் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை தடுக்கும் பண்பலைத் தடுப்பு ஃபில்டர் ஒன்றை ஆன்டெனாவுக்கும் டாங்கிளுக்கும் இடையில் போடுங்கள். புதிதாகத் தொடங்கும் பலர் டாங்கிளையே மாற்றலாமா என்று யோசிக்கும் இடத்தில், இந்தச் சின்னப் பொருள் வேலையை முடித்துவிடும்.

திரையின் நடுவில் எப்போதும் ஒரு ஊசி நிற்கிறதே?

அது வெளியிலிருந்து வருவதில்லை. டியூனர் அலையை நேராகச் சுழியத்துக்கு இறக்கும் கருவிகளில், உள்ளே அலையை உண்டாக்கும் ஆசிலேட்டரின் கசிவும் சிறிய டிசி மின்னழுத்தமும் சேர்ந்து நடுவில் இப்படித் தெரியும். ஹேக்ஆர்எஃப்பில் நன்றாகவே தெரியும். கேட்க வேண்டிய நிலையத்தை நடுவில் வைக்காமல் கொஞ்சம் தள்ளி வையுங்கள், போதும்.

ஐ, க்யூ என்று எல்லா இடத்திலும் வருகிறது. ஏன் இரண்டு எண்கள்? ஒன்று போதாதா?

வந்த கேள்விகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இது புரிந்துவிட்டால் மற்றது எல்லாம் தானாகப் புரியும்.

ஒரு பெரிய சக்கரம் சுழல்கிறது, அதன் விளிம்பில் ஒரு விளக்கு. சக்கரத்தை விளிம்புப் பக்கமாக நின்று பார்க்கிறீர்கள். உங்களுக்குத் தெரிவது விளக்கு மேலும் கீழும் போய் வருவது மட்டும். சக்கரம் எந்தப் பக்கம் சுழல்கிறது? சொல்ல முடியாது. இப்போது இன்னொருவர் சக்கரத்துக்கு மேலே நின்று பார்க்கிறார். அவருக்கு விளக்கு முன்னும் பின்னும் போய் வருகிறது. இரண்டு பேரும் ஒரே கணத்தில் பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால் விளக்கு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஒருவர் பார்ப்பது ஐ, மற்றவர் பார்ப்பது க்யூ. இரண்டுக்கும் இடையே 90 பாகை.

நீங்கள் டியூன் செய்த நடு அதிர்வெண்ணில் சரியாக இருக்கும் சிக்னலுக்குச் சக்கரம் அசையாமல் நிற்கும். அதற்கு மேலே உள்ள சிக்னல் ஒரு பக்கம் சுழலும், கீழே உள்ளது எதிர்ப்பக்கம் சுழலும். ஒரே ஒரு எண் வரிசை மட்டும் இருந்தால் மேலே உள்ளதும் கீழே உள்ளதும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பியிருக்கும். திரையில் நடுவுக்கு இடமும் வலமும் வேறு வேறு நிலையங்கள் தெரிவதற்குக் காரணமே இந்த இரண்டாவது எண்தான்.

இன்னொரு அழகும் இருக்கிறது. விளக்கு மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்: ஐ வர்க்கமும் க்யூ வர்க்கமும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் அது கிடைக்கும். அதுதான் ஏஎம் ஒலி. தூரத்தை விட்டுவிட்டு, ஒரு கணத்துக்கும் அடுத்த கணத்துக்கும் இடையே கோணம் எவ்வளவு மாறியது என்று மட்டும் பாருங்கள். அதுதான் எஃப்எம் ஒலி. முன்பு தனித்தனிச் சுற்றுகளாக இருந்த இரண்டும் இங்கே இரண்டே வரி நிரல். பைத்தானில் இதை நானே எழுதி, ஸ்பீக்கரில் முதல்முறையாகக் குரல் வந்தபோது இருக்கையிலிருந்து எழுந்துவிட்டேன். நீங்களும் ஒருமுறை கையால் எழுதிப் பாருங்கள். தயார் மென்பொருளை மட்டும் பயன்படுத்தினால் அந்த மகிழ்ச்சி கிடைக்காது.

டாங்கிளோடு வந்த சின்னக் காந்த ஆன்டெனா போதுமா?

சோதித்துப் பார்க்கப் போதும், அதற்கு மேல் போதாது. எளிய இருமுனை ஆன்டெனா ஒன்று செய்யுங்கள். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும், அதில் பாதி ஒரு கை. விமானப் பேச்சுக்கு 125 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1.14 மீட்டர், ஒரு கை 57 சென்டிமீட்டர். இரண்டு கம்பித் துண்டும் ஒரு கேபிளும்தான் செலவு.

அடுத்து உயரம். ஜன்னலுக்கு வெளியே ஒரு மீட்டர் தள்ளி வைத்தாலே வித்தியாசம் தெரியும். 100 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் போகின்றன. சுவரும் கட்டடமும் உங்கள் எதிரிகள்.

கேபிளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆர்ஜி-174 என்ற மெல்லிய கேபிள் 1 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் மீட்டருக்கு ஏறக்குறைய 1 டெசிபல் விழுங்கும். 10 மீட்டர் இழுத்தால் பத்தில் ஒரு பங்குதான் டாங்கிளை எட்டும். டிவிக்குப் பயன்படுத்தும் ஆர்ஜி-6 இதைவிடப் பன்மடங்கு நல்லது. அது 75 ஓம், டாங்கிள் 50 ஓம் ஆயிற்றே என்று பயப்பட வேண்டாம், அந்த வேறுபாட்டால் இழப்பது 0.2 டெசிபலுக்கும் குறைவு. இன்னும் நல்ல வழி, டாங்கிளை ஆன்டெனாவின் காலடியிலேயே வைத்து யுஎஸ்பி கேபிளை நீட்டுவது. எண்கள் வழியில் தேயாது.

சிற்றலையில் ஒரே இரைச்சல். பிபிசிகூட வரவில்லை.

இதில் இரண்டு விஷயம். முதலாவது, சாதாரண டாங்கிள் 24 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காது. ஆர்டிஎல்-எஸ்டிஆர் பிளாகின் வி3 வகையில் டியூனரைச் சுற்றிக்கொண்டு போகும் 'டைரக்ட் சாம்பிளிங்' என்ற வழி உண்டு. சிப் நொடிக்கு 2.88 கோடி முறை அளப்பதால், அதில் பாதியான 14.4 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளது கீழே மடிந்து விழும். 18.8-இல் இருக்கும் நிலையம் 10 மெகாஹெர்ட்ஸிலும் தெரியும், ஏமாறாதீர்கள். வி4 வகையில் அலையை மேலே தூக்கிக் கொடுக்கும் மாற்றி உள்ளேயே இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது, வீட்டு இரைச்சல். எல்இடி விளக்கு, சார்ஜர், சோலார் இன்வெர்ட்டர் எல்லாமே சிற்றலையில் குப்பை கொட்டுபவை. மடிக்கணினியை பேட்டரியில் ஓட்டிக்கொண்டு, வீட்டின் மெயின் சுவிட்சை ஒரு நிமிடம் அணைத்துப் பாருங்கள். திரை திடீரென்று இருண்டு, அதுவரை மறைந்திருந்த நிலையங்கள் எழுந்து வந்தால் குற்றவாளி வீட்டுக்குள்தான். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுக் கண்டுபிடிக்கலாம். என் வீட்டில் அது ஒரு ஃபோன் சார்ஜர்.

நேரமும் பார்க்க வேண்டும். பகலில் வளிமண்டலத்தின் டி அடுக்கு கீழ்ப் பட்டைகளை உறிஞ்சிவிடும், அதனால் 15 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் தேடுங்கள். இருட்டிய பிறகு 5 முதல் 10 வரை இறங்குங்கள்.

விமானங்களைப் பார்க்க என்ன வேண்டும்?

டாங்கிள், 1090 மெகாஹெர்ட்ஸுக்கு 6.9 சென்டிமீட்டரில் ஒரு கால்-அலைக் கம்பி, டம்ப்1090 என்ற மென்பொருள். அது முதலில் சால்வத்தோரே சான்ஃபிலிப்போ எழுதியது, ரெடிஸ் தரவுத்தளத்தை எழுதியவரும் அவர்தான். விமானங்கள் தானாக அனுப்பும் ஏடிஎஸ்-பி செய்தி ஒன்று 112 பிட், மொத்தமே 120 மைக்ரோ நொடி. விமானம் தன் அடையாளம், உயரம், இடம், வேகம் எல்லாவற்றையும் இப்படித் துண்டு துண்டாக வெளிப்படையாக அறிவித்துக்கொண்டே போகிறது. 10 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்துக்குத் தொடுவானம் ஏறக்குறைய 400 கிலோமீட்டர். ஆன்டெனாவுக்குத் திறந்த வானம் இருந்தால் நீங்களும் அந்தத் தூரத்தை நெருங்கலாம். புதிதாக வருபவர்கள் இதிலிருந்து தொடங்குவதே நல்லது, பத்து நிமிடத்தில் பலன் தெரியும்.

நோவா செயற்கைக்கோள் படம் எடுக்கும் வழிகாட்டிப்படி எல்லாம் செய்தேன். மூன்று வாரமாக ஒன்றும் வரவில்லை.

உங்கள் மேல் தவறே இல்லை. அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்களான நோவா-18, நோவா-19, நோவா-15 மூன்றும் 2025-இல் நிறுத்தப்பட்டுவிட்டன. நோவா-15 1998-இல் மேலே போனது, 27 ஆண்டுகள் உழைத்திருக்கிறது. 137 மெகாஹெர்ட்ஸில் 'டிக்-டாக்' என்று அது கடந்து போகும் ஒலியைக் கேட்டு இந்தப் பொழுதுபோக்குக்குள் வந்தவர்கள் ஏராளம், நானும் ஒருவன். வழிகாட்டிகள் பல இன்னும் திருத்தப்படாமல் கிடக்கின்றன.

வருந்த வேண்டாம், ரஷ்யாவின் மீட்டியோர்-எம் என்2-3, என்2-4 இரண்டும் அதே 137 மெகாஹெர்ட்ஸ் பட்டையில்தான் அனுப்புகின்றன. 137.9, 137.1 இரண்டையும் பாருங்கள். இவை எல்ஆர்பிடி என்ற டிஜிட்டல் முறை, படம் நோவாவைவிடத் தெளிவு. சாட்டம்ப் என்ற மென்பொருள் படமாக்கிக் கொடுக்கும். நோவாவுக்காக நீங்கள் செய்த ஆன்டெனாவே போதும். இரண்டு கைகள், ஒவ்வொன்றும் 53 சென்டிமீட்டர், இடையே 120 பாகைக் கோணம், தரைக்கு இணையாகப் படுக்கவைத்து வடக்கு-தெற்காக வையுங்கள். செயற்கைக்கோள் தலைக்கு மேல் வரும் நேரத்தைக் கணக்கிடும் மென்பொருளில் சுற்றுப்பாதைத் தரவைப் புதுப்பிக்க மறக்காதீர்கள். பழைய தரவு இருந்தால் நேரம் பிசகும்.

செயற்கைக்கோளின் வேகத்தால் வரும் டாப்ளர் விலகலால் அதிர்வெண் மேலும் கீழும் 3 கிலோஹெர்ட்ஸ் அளவு நகரும். மீட்டியோருக்கு மென்பொருளே அதைப் பின்தொடரும்.

திரையில் காட்டும் அதிர்வெண்ணுக்கும் உண்மைக்கும் 8 கிலோஹெர்ட்ஸ் வித்தியாசம்.

கிரிஸ்டல் பிழை. 1 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு, 100 மெகாஹெர்ட்ஸில் 100 ஹெர்ட்ஸ். டாங்கிள் இருபது நிமிடம் சூடாகட்டும், பிறகு அதிர்வெண் உறுதியாகத் தெரிந்த ஒரு குறுகிய சிக்னலை வைத்து மென்பொருளில் பிபிஎம் திருத்தம் போடுங்கள். அகலமான பண்பலை நிலையத்தை இதற்கு எடுக்காதீர்கள், அதன் நடுவைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம்.

ஒரு மணி நேரம் பதிவு செய்தேன், டிஸ்க் நிரம்பிவிட்டது!

நிரம்பத்தான் செய்யும். நொடிக்கு 24 லட்சம் சாம்பிள், ஒவ்வொன்றுக்கும் 2 பைட்: மணிக்கு 17 ஜிபிக்கு மேல். தேவையான துண்டை மட்டும் குறைந்த சாம்பிள் வேகத்தில் பதியுங்கள்.

எதுவும் வாங்காமல் முயன்று பார்க்க வழி உண்டா?

உண்டு. நெதர்லாந்தில் ட்வென்டே பல்கலைக்கழகத்தின் வெப்எஸ்டிஆரை உலாவியிலேயே திறந்து சிற்றலையைக் கேட்கலாம். உலகம் முழுக்கப் பரவிய கிவிஎஸ்டிஆர் கருவிகளும் இப்படித்தான், 30 மெகாஹெர்ட்ஸ் வரை. சிக்னல்கள் திரையில் அருவிபோல் இறங்கும் வாட்டர்ஃபால் படத்தில் எந்தச் சிக்னல் எப்படித் தெரியும் என்று கண்ணைப் பழக்கிக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை.

அலைபரப்ப ஆசையாக இருக்கிறது. குறைந்த சக்திதானே, யாருக்குத் தெரியப்போகிறது?

வேண்டாம். அமெச்சூர் வானொலி உரிமம் எடுத்துவிட்டுச் செய்யுங்கள். பிடிபடுவதைவிடப் பெரிய பயம் எனக்கு வேறு: எஸ்டிஆர் கருவிகளின் வெளியீடு சுத்தமானதல்ல. நீங்கள் நினைத்த அதிர்வெண்ணோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கிலும் கசியும். விமானமோ அவசரச் சேவையோ அங்கே இருக்கலாம். சோதனை செய்யத்தான் வேண்டும் என்றால் ஆன்டெனாவே இல்லாமல், கேபிளும், சிக்னலை மெலிதாக்கும் அட்டென்யுவேட்டரும் வைத்து ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்புங்கள். அட்டென்யுவேட்டரை மறந்துவிடாதீர்கள், ஹேக்ஆர்எஃப் தாங்கும் உள்ளீட்டின் உச்சம் மைனஸ் 5 டிபிஎம், அதாவது ஒரு மில்லிவாட்டில் மூன்றில் ஒரு பங்கு.

கேட்பதிலும் எல்லை உண்டு. வானொலி, அமெச்சூர் பேச்சு, வானிலைப் படம் போன்றவற்றில் பொதுவாகச் சிக்கல் வராது. விமானப் பேச்சைக் கேட்கவே சில நாடுகள் தடை விதிக்கின்றன. பிறருக்கு அனுப்பப்பட்ட பேஜர் செய்தி, காவல்துறைப் பேச்சு போன்றவற்றைக் கேட்பதும் பகிர்வதும் பல நாடுகளில் குற்றம். உங்கள் நாட்டுச் சட்டத்தைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

இந்தக் குச்சியால் பால்வெளியையே கேட்கலாம் என்று படித்தேன். உண்மையா?

உண்மை. விண்வெளியில் நடுநிலை ஹைட்ரஜன் 1420.4 மெகாஹெர்ட்ஸில் மெல்ல ஒலிக்கிறது. 1944-இல் வான் டெ ஹுல்ஸ்ட் இதை முன்கூட்டியே கணித்தார், 1951-இல் ஹார்வர்டில் யூவனும் பர்செலும் முதலில் பிடித்தார்கள். ஒரு தனி அணு இப்படி ஒருமுறை ஒலிக்கச் சராசரியாக ஒரு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆனால் அங்கே அணுக்களுக்குப் பஞ்சமில்லை.

தேவையானவை: ஒரு கிண்ண ஆன்டெனா அல்லது அட்டையும் அலுமினியத் தாளும் கொண்டு செய்த ஊதுகொம்பு, அதன் வாயிலேயே 1420-க்கான ஃபில்டரோடு கூடிய குறைந்த இரைச்சல் ஆம்ப்ளிஃபையர், பிறகு டாங்கிள். ஆம்ப்ளிஃபையரைக் கம்ப்யூட்டர் பக்கம் வைத்தால் வேலை நடக்காது, கேபிளில் தேய்ந்ததைப் பிறகு பெரிதாக்கிப் பயனில்லை. ஒரு நொடிப் பதிவில் எதுவும் தெரியாது. பல நிமிடங்கள் சராசரி எடுங்கள். வெற்று வானத்தை நோக்கி ஒரு பதிவு, பால்வெளியை நோக்கி ஒரு பதிவு, இரண்டையும் கழித்துப் பாருங்கள். சமதளத்தில் ஒரு சின்ன மேடு எழும்.

அந்த மேடு சரியாக 1420.4-இல் இருக்காது. நொடிக்கு 1 கிலோமீட்டர் வேகம் என்றால் 4.7 கிலோஹெர்ட்ஸ் நகரும். நம்மை நோக்கி வரும் வாயு மேலே, விலகிப் போகும் வாயு கீழே. ஆன்டெனாவைப் பால்வெளியின் வேறொரு பகுதிக்குத் திருப்பினால் மேட்டின் வடிவம் மாறும், சில திசைகளில் இரண்டு மூன்று மேடுகளாகப் பிரியும். ஒவ்வொன்றும் ஒரு சுருள் கை. இத்தனையும் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.